எட்டு டிஸ்கும் ஒரு சந்தனப் பொட்டும்

உங்களில் யாராவது ஹார்ட் டிஸ்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்ததுண்டா?

நான் வைத்தேன். ஒன்றுக்கு இரண்டுக்கு அல்ல... எட்டுக்கு. வைத்துவிட்டு, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தேன். மறுநாள் காலையில் பிடித்த பயம், இதை எழுதும் இந்த நிமிடம் வரை என்னை விடவில்லை.

சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் கேபினெட்தான். உள்ளே எட்டு ஹார்ட் டிஸ்குகள். எட்டும் சேர்ந்து ஒரே பெரிய டிஸ்க் மாதிரி வேலை செய்யும். படம், பாட்டு, ஃபோட்டோ, வீடியோ என்று எதை அதில் போட்டாலும் வீட்டு டிவியில் பார்க்கலாம், ஃபோனில் பார்க்கலாம். ஹோம் சர்வர் என்பது அதன் பெயர். என் மனைவி சுமதி வைத்த பெயர் 'உங்க பொட்டி'.

இரண்டு டிஸ்கோடுதான் ஆரம்பித்தேன். இடம் போதவில்லை என்று மூன்றாவது வாங்கினேன். அப்புறம் நான்கு... ஐந்து... வெற்றிலை பாக்குப் பழக்கம் மாதிரிதான் இதுவும். நிறுத்த வேண்டிய இடம் தெரியும், நிறுத்த வராது. எட்டு டிஸ்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்ட ஒரு கார்டு வேண்டும் என்றார்கள். பழைய கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கரண்ட் ஒயர் பற்றவில்லை. ஒன்றை இரண்டாகப் பிரித்தேன், இரண்டை நான்காக்கினேன். பெட்டியைத் திறந்தால் இடியாப்பத்தைக் கொட்டி வைத்தது போல ஒயர்.

பாபநாசத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் செல்வி அன்றைக்கே எச்சரித்தார். சுமதி பாபநாசத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். செல்வியின் மகள் அவளிடம் படித்தவள். அந்தப் பழக்கம். "சார், ஒரே ஒயர்லேருந்து இத்தனை பிரிக்காதீங்க. அதோட, முக்கியமானது எதுவா இருந்தாலும் பொட்டிக்கு வெளியில இன்னொரு காப்பி வச்சுக்குங்க" என்றார். தலையை ஆட்டினேன். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் டாக்டரிடம் ஆட்டுவோமே, அதே ஆட்டல்.

எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. எட்டில் ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் மற்ற ஏழும் சேர்ந்து அதில் இருந்ததைத் திரும்ப உருவாக்கிவிடும். இதைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவரையும் விடவில்லை.

எதிர்வீட்டு நஸீமாவிடமும் சொன்னேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

நஸீமாவின் கணவர் ஜாகிருக்குக் குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை. மகள் ரிஸ்வானா பிறந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஒன்றரை மாதம் இருப்பார், போய்விடுவார். ரிஸ்வானாவுக்கு இப்போது ஒன்பது வயது. தகப்பனும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது.

அதனால் நஸீமா எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்தார். முதல் பல் விழுந்த அன்று ஓட்டை வாயோடு சிரித்தது, தெருவில் சைக்கிள் பழகி என் ஸ்கூட்டர் மேலேயே வந்து மோதியது, காய்ச்சலில் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது... சின்னதாக இருந்தால் உடனே வாட்ஸ்அப்பில் போய்விடும். நீளமானதை மட்டும் அனுப்ப மாட்டார்.

"அவரு ஒரேயடியா வந்ததும் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பாக்கணும்ண்ணே. அதுக்குன்னு வச்சிருக்கேன்."

ஃபோனில் இடம் தீர்ந்துபோனது. ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். "அண்ணே, உங்க பொட்டியில கொஞ்சம் போட்டு வச்சுக்கலாமா?"

கொஞ்சமா? எல்லாத்தையும் போடும்மா என்றேன். போட்டோம். போட்டு முடித்ததும் நான் சொன்ன வார்த்தை இது:

"ஃபோன்ல இருக்கறதை அழிச்சிடும்மா. இங்க பத்திரமா இருக்கும்."

என் கண் முன்னாலேயே அழித்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவற்றில் ஒரு வீடியோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாகிர் கடைசியாக வந்துபோன கொஞ்ச நாளில், ரிஸ்வானா இரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, 'எனக்குப் பிடித்தவர்'. அவள் தன் அத்தாவைப் பற்றிப் பேசினாள். மூன்று நிமிடம். அதை ஜாகிருக்கு அனுப்பவே இல்லை. "அங்க ரூம்ல தனியா உக்காந்து பாத்தா தாங்க மாட்டாருண்ணே. பக்கத்துல நான் இருக்கறப்ப பாக்கட்டும்" என்றார் நஸீமா. அப்படி ஒரு வீடியோ இருக்கிறது என்பது மட்டும் ஜாகிருக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஒருவழியாக முடிவானது. ஜாகிர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுகிறார். டிக்கெட் போட்டாயிற்று. விஜயதசமி முடிந்து எட்டாம் நாள், வியாழக்கிழமை.

இனி பூஜைக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் சரஸ்வதி பூஜை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நமக்குச் சோறு போடும் பொருள் எதுவோ அதைத் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. சுமதி கணக்குப் புத்தகங்களையும் ஜாமெட்ரி பாக்ஸையும் வைப்பாள். நான் பேப்பரில் கட்டுரை எழுதுகிறவன், அதனால் பேனாவும் லேப்டாப்பும். மிக்ஸிக்கு, அரிவாள்மணைக்கு, ஸ்கூட்டருக்கு எல்லாம் பொட்டு உண்டு.

இந்த வருஷம் பெட்டியைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. ராத்திரி பகல் உழைக்கிறது, அதற்கு ஒரு பொட்டு கிடையாதா?

வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. திறந்து பார்த்தேன். உள்ளே தூசி. துடைக்கிறதுதான் துடைக்கிறோம், முழுசாகத் துடைப்போம் என்று எட்டு டிஸ்கையும் கழற்றி எடுத்தேன். எந்த இடத்தில் எது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் மேலும் நம்பர் எழுதியிருந்தேன். சுமதி பள்ளியில் போர்டில் எழுதும் மார்க்கரால் எழுதியது. ஈரத்துணியால் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது.

சில டிஸ்குகளின் மேல் சின்னதாக ஒரு துளை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி அவ்வளவு கச்சிதம். அதிலேயே சந்தனத்தை வைத்தேன், மேலே குங்குமம். பலகையில் வரிசையாக அடுக்கினேன். பக்கத்தில் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சுண்டல். சுமதி பார்த்துவிட்டு, "இதெல்லாம் கழட்டலாமா?" என்று கேட்டாள். "எல்லாம் தெரியும் எனக்கு" என்றேன்.

மறுநாள் காலை பூஜை முடிந்தது. இரண்டு டிஸ்க் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஊதிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகினேன். நம்பர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, எல்லாம் ஒரே பெட்டிக்குள்தானே போகிறது என்று கைக்கு வந்தபடி மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

பீப்... பீப்... பீப்...

நிற்கவே இல்லை. ஏதோ ஒரு டிஸ்குக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் வேறு. டிவி திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எட்டில் இரண்டைக் காணவில்லை. கீழே ஒரு கேள்வி. புதிதாக ஆரம்பிக்கலாமா? ஆமாம், இல்லை.

ஒன்று போனால் ஏழு காப்பாற்றும் என்று ஊர் முழுக்கச் சொன்னவன் நான். இரண்டு போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்போதுதான் யோசித்தேன். இரண்டு போனால் எட்டும் போச்சு. என் படங்கள் போகட்டும், பாட்டு போகட்டும்... நஸீமா?

அணைத்தேன், போட்டேன். மறுபடி அணைத்தேன், போட்டேன். இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போது சொல்லத் தைரியம் இல்லை.

"என்ன ஆச்சு?" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் சுமதி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் இப்படிக் கத்துது?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "நஸீமா வீடியோ?"

"அதுலதான்."

"முதல்ல போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"சரி பண்ணிட்டு சொல்லிக்கலாம். இப்ப எதுக்கு அவங்களையும் பயமுறுத்தணும்?"

எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள். நஸீமாவைப் பயமுறுத்தக் கூடாதாம். உண்மையில் யாருக்குப் பயம் என்று சுமதிக்குத் தெரியும். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் யூட்யூபைப் பார்த்தேன். ஒருவர் டிஸ்கைக் கழற்றச் சொன்னார், ஒருவர் தொடவே கூடாது என்றார். ஒருவர் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்! சாப்பாடு இறங்கவில்லை. எதிர்வீட்டில் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய்விடுவேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், ஜன்னல் திரையைக் கொஞ்சமாக விலக்கி, ஒரு பெண் கடைக்குப் போய்விட்டாளா என்று பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டேன். நஸீமா நேராக உள்ளேயே வந்துவிட்டார், கையில் புது பென்டிரைவ், அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"அண்ணே, அவரு வியாழக்கிழமை வந்துடுவாரு. எல்லாத்தையும் இதுல போட்டுக் குடுத்துடுங்க. எங்க வீட்டு டிவியிலயே பாத்துக்கறோம். அந்த ஸ்கூல் பேச்சை மட்டும் முதல்ல வர்ற மாதிரி போடுங்கண்ணே."

"ஆகட்டும்மா."

"ஏன்ண்ணே மொகம் ஒரு மாதிரி இருக்கு? ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வெயில்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் போனதும் சுமதி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை. "நாளைக்குச் செல்விகிட்ட போறோம்" என்றாள்.

சனிக்கிழமை காலை பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்தோம். சுமதி மடியில் வைத்துக்கொண்டாள். அய்யம்பேட்டை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் சம்பா நடவு. வயலிலிருந்து ஏறிய டிராக்டர்கள் ரோடு முழுக்கச் சேற்றை அப்பிவிட்டுப் போயிருந்தன. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் எனக்கு உயிர் போய் வந்தது. நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிப் போகிறவன்கூட அவ்வளவு மெதுவாக ஓட்டியிருக்க மாட்டான். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிட்டார்.

செல்வி பெட்டியைத் திறந்தார். ஒரு டிஸ்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"சார், இது என்ன?"

"சந்தனம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"பூஜைக்கு..."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் தெம்பாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. அந்தத் துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை நகத்தால் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'இந்தத் துளையை மூடாதீர்கள்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

"டிஸ்க் மூச்சு விடுற ஓட்டை சார் இது."

எட்டில் ஐந்து டிஸ்கில் அந்தத் துளை. ஐந்திலும் என் பொட்டு, காய்ந்து இறுகிப்போய் இருந்தது.

"எந்த இடத்துல எது இருந்துச்சு?"

"நம்பர் எழுதியிருந்தேன்."

"எங்க?"

"துடைச்சிட்டேன்."

செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இந்த கார்டு பழைய மாடல். வரிசை மாறினா அதுக்கு ஒண்ணும் புரியாது. எட்டு டிஸ்கை எத்தனை விதமா அடுக்கலாம்னு தெரியுமா சார்?"

பதில் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. "நாப்பதாயிரத்து முந்நூத்து இருபது."

கணக்கு டீச்சரைக் கட்டியவனுக்கு எண்ணைப் பார்த்துப் பயப்படுவது புதிதல்ல. ஆனாலும் அன்றைக்கு அந்த எண் என் காலை வாரிவிட்டது. நானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

"ஒரு தடவை."

"ஆறு" என்றாள் சுமதி.

"ஸ்கிரீன்ல ஏதாவது கேட்டுச்சா? புதுசா ஆரம்பிக்கவான்னு?"

"கேட்டுச்சு."

"என்ன அமுக்கினீங்க?"

தள்ளிப்போட்டேனே, அந்த இடம் வந்துவிட்டது. 'இல்லை' என்று சொல்ல வாய் வரை வந்தது. செல்வி என் முகத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"சார், மாத்திச் சொன்னீங்கன்னா நான் தப்பான எடத்துல தேடுவேன். இருக்கறதும் போயிடும்."

"ஆமாம்னு அமுக்கிட்டேன்."

நாலாவது தடவை ஆன் செய்தபோது அமுக்கினேன். 'ஆரம்பிக்கலாமா' என்றால் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவது மாதிரி என்று நினைத்தேன். லைட் படபடவென்று எரிந்தது. எழுதுகிறது, எழுதுகிறது என்று திரையில் வந்தது. பழையதன் மேல் புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டது என்று புரிந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் எத்தனை விநாடி போனதோ தெரியாது. சுமதிக்கே அது அப்போதுதான் தெரியும். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எட்டு டிஸ்க் இருந்தா எட்டு காப்பின்னு நெனச்சுட்டீங்க" என்றார் செல்வி. "ஒரு வீட்டுல எட்டு ரூம் சார் அது. வீடு விழுந்தா எல்லா ரூமும்தான் விழும்."

அப்புறம் கேட்டார். "உள்ள திறந்து வச்சு எப்பவாச்சும் ஃபோட்டோ எடுத்தீங்களா? நம்பர் தெரியற மாதிரி?"

எடுத்திருந்தேன். எட்டாவது டிஸ்கை மாட்டிய அன்று, பெருமையாக. அது எங்கே? பெட்டிக்குள். ஃபோனில் இருந்ததை நானும் அழித்துவிட்டேனே... 'அங்கதான் பத்திரமா இருக்கே' என்று! நடுவில் ஃபோன் மாற்றியதில் பழைய வாட்ஸ்அப்பும் போய்விட்டது.

"யாருக்காவது அனுப்பியிருக்கீங்களா, யோசிங்க."

யோசித்தேன். அனுப்பியிருந்தேன். உலகத்தில் ஒரே ஒருவருக்கு. 'உங்க பிள்ளை வீடியோ எல்லாம் இதுக்குள்ளதான் தம்பி இருக்கு' என்று எழுதி, ஜாகிருக்கு.

மழையில் கடை வாசலில் நின்று குவைத்துக்கு ஃபோன் போட்டேன். ரிங் போகும்போது, எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் தோன்றியது, எடுத்துவிட வேண்டுமே என்றும் தோன்றியது.

"அண்ணே! சொல்லுங்கண்ணே. பேக்கிங் ஓடிட்டு இருக்கு."

"ஒண்ணுமில்ல தம்பி. அந்தப் பொட்டியைத் திறந்து வச்சு ஒரு ஃபோட்டோ அனுப்பினேனே, இருக்கா?"

"இருக்கே. எதுக்குண்ணே?"

"பேப்பர்ல எழுதறதுக்கு. பொட்டியை வச்சு ஒரு கட்டுரை எழுதலாம்னு."

"அடடே! எந்த வாரம் வருது?"

"சீக்கிரம்..."

இரண்டே நிமிடத்தில் படம் வந்தது. கீழே ஒரு வரி. 'இந்தப் பொட்டி இருக்கற தைரியத்துலதான்ண்ணே இத்தனை நாள் ஓட்டினேன்.'

செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் கோணல் எழுத்தில் ஒன்று முதல் எட்டு வரை நம்பர். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரும் படிக்கிற மாதிரி இருந்தது. "பொழைச்சீங்க சார்" என்றவர், உடனே சேர்த்துக்கொண்டார். "முழுசா பொழைச்சீங்களான்னு தெரியாது. மொதல்ல ஒவ்வொண்ணையும் நகல் எடுக்கணும். நகல்லதான் கை வைப்பேன். புதன்கிழமை ஆயிடும்."

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அந்த நான்கு நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு பொருள் தொலைந்துபோகுமோ என்ற பயத்தைத் தாங்கிக்கொள்ளலாம். அதைத் தொலைத்தவன் நான் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே, அந்தப் பயம்தான் தூங்கவிடாது. முன்பெல்லாம் ஒரு பொருளைக் கொடுத்துவைத்தால் பூட்டு உடைந்தால் தெரியும், கதவு திறந்தால் தெரியும். இப்போது ஒன்பது வருஷம் சத்தமே இல்லாமல் போய்விடுகிறது. பெட்டி பார்க்க அப்படியேதான் இருக்கிறது.

சட்டைப் பையில் நஸீமாவின் பென்டிரைவ். தினமும் சட்டை மாற்றும்போது அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் செல்வி ஃபோன் செய்தார்.

"வந்துடுச்சு சார்."

சட்டைப் பையிலிருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"டக் டக்னு சத்தம் போட்டுதே, அது செத்துப் போச்சு. இன்னொண்ணுல சந்தனம் வழிஞ்சு ஒயர் மாட்டுற பின்னுல காஞ்சிருந்துச்சு. உள்ள ரெண்டு எறும்பு. சுத்தம் பண்ணதும் எழுந்துக்கிச்சு. ஏழு இருந்தா போதும்ல, எட்டாவதுல இருந்ததும் வந்துடுச்சு."

"எல்லாமே?"

"பதினோரு ஃபைல் திறக்க மாட்டேங்குது. நீங்க ஆமாம்னு அமுக்கினீங்கல்ல, அதுல மேல எழுதிடுச்சு. பேரு வேணா படிக்கறேன், கேட்டுக்குங்க."

படித்தார். முதலாவது நாங்கள் வேளாங்கண்ணி போன ஃபோட்டோ. போகட்டும். இரண்டாவது, மூன்றாவது பழைய சினிமா. நான்காவது என் அண்ணன் பையன் கல்யாண ஊர்வலம். போகட்டும், போகட்டும். ஏழு... எட்டு... எல்லாம் என்னுடையவை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பத்தாவது பழைய கரண்ட் பில். இன்னும் ஒன்றுதானே!

"பதினொண்ணு... 'ரிஸ்வானா பேச்சு'."

அந்தப் பெயரை டைப் செய்து வைத்தது நான்தான்.

"அதுக்கு ஏதாவது வழி..."

"பாத்துட்டேன் சார். ரெண்டு தடவை பாத்துட்டேன். முடியல." செல்வியின் குரலும் இறங்கிவிட்டது.

ரிஸ்வானாவின் பள்ளிக்கு ஓடினேன். அவர்களிடம் ஃபோட்டோதான் இருந்தது. ரிஸ்வானா மைக்குக்குக் கீழே, கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறாள். சத்தம் இல்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் படியேறினேன். நான் போனேன் என்று பெருமையாக எழுதப் பார்க்கிறேன்... சுமதி கூட வந்தாள், அதனால் போனேன். செல்வி கடையில் மீதி வீடியோ எல்லாம் ஏற்றி வாங்கிய பென்டிரைவைக் கொடுத்துவிட்டு, பூஜையிலிருந்து 'ஆமாம்' வரை ஒன்று விடாமல் சொன்னேன். நஸீமா கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"சுத்தமா வராதாண்ணே?"

"வராதும்மா."

பென்டிரைவைப் புரட்டிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

வியாழக்கிழமை ஜாகிர் வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. ரிஸ்வானா மட்டும் அம்மாவின் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். ஃபோனில் மணிக்கணக்காகப் பேசுகிற பிள்ளை, நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை எங்களை டீக்குக் கூப்பிட்டார்கள். போனால் டிவியில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜாகிர் தரையில் உட்கார்ந்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரிஸ்வானா இப்போது அவரை ஒட்டி உட்கார்ந்து, "அத்தா, இப்ப பாருங்க, நான் விழப்போறேன்" என்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சைக்கிள் என் ஸ்கூட்டரில் மோதியதும் எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயமே இல்லை.

அப்போது ஜாகிர் நஸீமா பக்கம் திரும்பினார். "அந்த ஸ்கூல் பேச்சு எங்க? அதைப் போடு. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். நஸீமா சொல்லவே இல்லையா?

"அதுவா... அது என் ஃபோன்லயே போயிடுச்சுங்க" என்றார் நஸீமா, தட்டை எடுத்து அடுக்கிக்கொண்டே. "காப்பி பண்றதுக்கு முன்னாடி நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

"என்ன நஸீமா... அதைப் போயா? மத்தது எது போயிருந்தாலும் பரவால்லையே." ஜாகிருக்கு முகம் விழுந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த முகம் அது. அப்புறம் எங்களைப் பார்த்ததும் சமாளித்துக்கொண்டு, "சரி விடு" என்றார்.

நஸீமா என் பக்கமே திரும்பவில்லை.

வாயைத் திறக்க வேண்டியது நான். 'இல்ல தம்பி, நான்தான்' என்று மூன்று வார்த்தை. திறந்தேன். "டீ நல்லாருக்கு" என்று வந்தது.

"அத்தா, நான் இப்ப பேசிக் காட்டறேன்!" ரிஸ்வானா துள்ளி எழுந்து டிவி முன்னால் நின்றாள். அதே விறைப்பான கை. "அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பிடித்தவர் என் அத்தா. அவர் குவைத்தில் இருக்கிறார். அவர்..."

நின்றுவிட்டாள். தரையில் உட்கார்ந்திருந்த அத்தாவைப் பார்த்தாள்.

"இப்ப அப்படிச் சொல்ல முடியாதே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜாகிர் சிரித்துக்கொண்டே அழுதார், மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் போல ஒரு கேவலமான சிரிப்பை நான் சிரித்ததில்லை.

வீட்டுக்கு வந்தோம். சுமதி சாவியை மாட்டிவிட்டுச் சொன்னாள். "ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு, புருஷன் வந்த மூணாம் நாள் உங்களுக்காகத் திட்டு வாங்கிக்கிட்டா. நீங்க டீயைப் பத்திப் பேசினீங்க."

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஜாகிர் கேட்கிறார். "பொட்டி கட்டுரை எந்த வாரம்ண்ணே வருது?" ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் 'சீக்கிரம் தம்பி' என்று சொல்லிவிட்டு நழுவுகிறேன். அந்த மனிதர் என்னை என்ன செய்துவிடுவார்? அடிக்கப்போகிறாரா? இல்லை. 'சரி விடுங்கண்ணே' என்றுதான் சொல்வார். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயம்.

நேற்று சுமதி பொறுமை இழந்துவிட்டாள். "வாயால வரலன்னா எழுதியாவது தொலைங்க."

எழுதுகிறேன்.

ஜாகிர் தம்பி, அந்த வீடியோ நஸீமா ஃபோனில் போகவில்லை. அவர் எதையும் தெரியாமல் அழிக்கவில்லை. நான் அழிக்கச் சொன்னதால் அழித்தார். மிஞ்சியிருந்த ஒன்றையும் நான் 'ஆமாம்' என்று அமுக்கித் தொலைத்தேன். அவர் உங்களிடம் சொன்னது, என் மானத்துக்காகச் சொன்ன பொய். நீங்கள் அவர் மேல் பட்ட வருத்தம் எனக்குச் சேர வேண்டியது.

இதைப் பேப்பருக்கு அனுப்பிவிட்டேன், இனித் திரும்ப வாங்க முடியாது. ஜாகிர் ஊருக்கு வந்த மறுநாளே பேப்பர் போடச் சொல்லிவிட்டார்... எங்கள் தெருவில் பேப்பர்காரர் முதலில் போடுவது அவர் வீட்டில்தான்.